மிளகெண்ணெய் சரியில்லை

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். பால்காரர் முதல் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆரம்பித்து வைத்தவள் நாத்தனார். புதுப்பெண்ணாக அவள் வந்து இறங்கிய அன்றைக்கு, பள்ளிக்கூடப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் ஓடிவந்த அந்தச் சின்னப்பெண், பூட்டியிருந்த பெட்டியின் பக்கத்தில் குனிந்து மூச்சை இழுத்துவிட்டு, "அண்ணி, உள்ள எலுமிச்சை சோப்பு வெச்சிருக்கீங்க. ஒண்ணு பிரிச்சது, ஒண்ணு பிரிக்காதது" என்றாள். திறந்து பார்த்தால் அப்படியேதான் இருந்தது. அண்ணி அப்போதே முடிவுகட்டிவிட்டாள், இந்த வீட்டில் யாரை நம்பாவிட்டாலும் இந்த மூக்கை நம்பலாம் என்று.

பிற்பாடு அந்த மூக்கை நம்பித்தான் இரண்டு பேரும் சேர்ந்து தொழில் தொடங்கினார்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் நாத்தனாரின் மேசை. படிப்படியாக அடுக்கிய பழுப்புக் குப்பிகள், ஒரு எலக்ட்ரானிக் தராசு, சொட்டுக்குழாய்கள், மோந்து பார்ப்பதற்கென்று ஒரு டம்ளர் நிறைய மெல்லிய காகிதப் பட்டைகள். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் முழுக்க அண்ணியின் ராஜ்ஜியம். ஸ்பிரிட் கேன், புனல், வடிதாள், மூடி அழுத்தும் கைமிஷின், லேபிள் சுருள். நாத்தனார் சென்ட்டைக் கலப்பாள். கலந்தது இருட்டு அலமாரியில் ஊறும். ஊறியதை வடிகட்டி, குப்பியில் அடைத்து, மூடி அழுத்தி, கடைகடையாக ஏறி இறங்கிப் பேசி விற்பது அண்ணியின் பாடு. "நீ மோந்து பாரு, நான் பேசிக்கறேன்" என்பதுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம்.

அண்ணியின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் சென்ட் பெட்டிகளைக் கடைகளில் இறக்கிவிட்டு வருவார். ஒரு வார்த்தையை யோசித்து அவர் வாயருகே கொண்டுவருவதற்குள் அண்ணி ஒன்பது வார்த்தை பேசி முடித்திருப்பாள். அதனால் அவர் பெரும்பாலும் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.

நாத்தனாருக்கு நாற்பது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு அவள் இன்னும் 'பாப்பா'தான். அண்ணிக்கும் அதே. கல்யாணம் ஆகவில்லை. முகத்திலும் குணத்திலும் ஒரு குறையும் இல்லை, இடைஞ்சல் அந்த மூக்குதான். இருபது வயசில் ஒரு வரன் பார்க்க வந்தான். டீ கொண்டுபோய்க் கொடுத்தவள் நிமிர்ந்து, "சிகரெட் பிடிச்சிட்டு அதுக்கு மேல கிராம்பு மென்னுருக்கீங்களே, நாக்கு எரியலயா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். பையனின் அம்மா அப்போதுதான் "எம் பிள்ளைக்கு டீயத் தவிர ஒரு பழக்கம் கெடையாது" என்று சொல்லி முடித்திருந்தாள். டீ ஆறுவதற்குள் அவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அப்புறம் வந்த வரன்களும் ஒவ்வொரு விதமாகத் தட்டிப்போக, ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. வாசனை விஷயத்தில் அவள் வாயில் பொய்யே வராது. அண்ணிக்கு அதில் பெருமை. "எங்க பாப்பா மோந்து பாத்துச் சொன்னா கோர்ட்டு தீர்ப்பு மாதிரி" என்று கடைக்காரர்களிடம் சொல்லித் திரிந்தாள்.

அவர்கள் சரக்கில் நன்றாக ஓடியது ரோஜாவும் மிளகும் சேர்ந்த ஒரு சென்ட். முதலில் கேட்டபோது அண்ணியே பதறினாள்.

"மிளகா? ஏண்டி, சென்ட் போட்டுக்கிட்டு ஊரே தும்மணுமா?"

"காரம் எண்ணெய்ல வராது அண்ணி. வாசம் மட்டுந்தான் வரும். வெறும் ரோஜா சோம்பேறி. போட்ட எடத்துல படுத்துக்கும். ஒரு சொட்டு மிளகெண்ணெய் விட்டுப் பாருங்க, முதுகுல யாரோ தட்டின மாதிரி நிமிந்து உக்காரும்."

அப்படியேதான் உட்கார்ந்தது. வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அந்த மிளகெண்ணெயைக் கொண்டுவருபவர் மிளகுக்காரர். ஊர்க்கோடியில் தகரக் கொட்டகை போட்டு, சொந்தமாக ஆவிக்கொதிகலன் வைத்து, மிளகை வடித்து எண்ணெய் எடுக்கிறவர். நாத்தனாரைவிடச் சில வயசு மூத்தவர். வயசான அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணத்துக்கு நேரம் வாய்க்காமல் போனவர். பைக்கில் வந்து இறங்குவார். எண்ணெய்க் குப்பியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோல் தூக்கிவருவார். நாத்தனார் காகிதப் பட்டையின் நுனியை அதில் நனைத்து, கண்ணை மூடி, ஒரு முறை மோந்து பார்ப்பாள். சற்று நேரம் விட்டு இன்னொரு முறை. பிறகு சொல்வாள்.

"சரியில்லைங்க. கொஞ்சம் ஈரவாசம் அடிக்குது."

"அப்படிங்களா? சரிபண்ணி அடுத்த வாரம் கொண்டாரேன்."

அடுத்த வாரம் வருவார்.

"மரவாசனை தூக்கலா இருக்கே."

"அடடா. பாக்கறேங்க."

அதற்கும் அடுத்த வாரம் வருவார். டீ குடிப்பார். அந்த மனிதர் டீ குடிக்கிற வேகத்தில் ஒரு கட்டு லேபிளை ஒட்டி முடித்துவிடலாம். நாத்தனார் ரொம்ப யோசித்து, "இது பரவால்ல, வெச்சுட்டுப் போங்க" என்பாள். ஒரு குப்பி எண்ணெய் வீடு வந்து சேர இத்தனை நடை. அதுவும் ஒவ்வொரு குப்பிக்கும்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "தொழில் தெரியாத ஆளு. ஒரு தடவையாவது மொதல்லயே உருப்படியாக் கொண்டாந்துருக்காரா? பாவம், பாப்பா மூக்குதான் தேயுது" என்று கணவரிடம் புலம்பினாள்.

"இருக்கட்டும் விடு" என்றார் அவர்.

"எப்படி விடறது? கடைக்காரங்களுக்குப் பதில் சொல்றது நான்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் மிளகுக்காரர் வந்தபோது நாத்தனார் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார், தலையைப் படிய வாரியிருந்தார். அதையெல்லாம் அண்ணி கவனித்தாள். கவனித்து என்ன பிரயோஜனம்? கேட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கும் அலைச்சல், எங்களுக்கும் வேலை கெடுது. டவுன்ல ஒரு ஏஜெண்ட் பார்சல்லயே அனுப்பறேங்கறார். இனிமே நீங்க சிரமப்பட வேணாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரிங்கக்கா" என்றார். துண்டில் சுற்றிய குப்பியோடு பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

டவுன் எண்ணெய் பார்சலில் வந்தது. நாத்தனார் மூடியைத் திறந்தாள், பட்டையைக்கூட நனைக்காமல் மேலாக ஒரு மூச்சு பிடித்தாள்.

"நல்லாருக்கு அண்ணி."

"பாத்தியா! ஒரே தடவைல!" அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தலைவலி தீர்ந்தது என்று அன்றைக்கு எல்லாருக்கும் முட்டை பொரித்தாள்.

ஆனால் அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. மேசையில் உட்கார்ந்தால் ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பவள் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. தராசை அழுத்திவிட்டு எண் நிற்பதற்குள் சொட்டு விட்டாள். எதைக் கேட்டாலும் "நல்லாருக்கு அண்ணி". உப்புப் போட மறந்த குழம்பையும் நல்லாருக்கு என்று சாப்பிட்டு எழுந்தபோதுதான் அண்ணி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மழைக்காலம் வேறு. ஊறல் அலமாரிக்குப் பக்கத்துச் சுவர் ஈரம் கோத்து, வீடே சளி பிடித்ததுபோல் கிடந்தது.

"உடம்பு சரியில்லயா பாப்பா?"

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணி."

"மூக்கு கீக்கு அடைச்சிருக்கா?"

"இல்ல."

ரொம்ப நாளாகச் சரக்கு எடுக்கிற வளையல் கடைக்காரம்மா ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டாள். குப்பியை மேசைமேல் வைத்தாள். கோபமெல்லாம் இல்லை, துக்கம் விசாரிக்க வந்த முகம்.

"என்ன அண்ணி, இதுல உசுரே இல்லையே. வாங்கினவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாராங்க. பழைய ரோஜா எங்க போச்சு?"

அண்ணி தன் மணிக்கட்டில் அடித்துப் பார்த்தாள். அவளுடையது சாதாரண மூக்கு. தீய்ந்த பாலுக்கும் தீயாத பாலுக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவே. அந்த மூக்குக்கே தெரிந்தது. ரோஜா படுத்துக்கிடந்தது. ஜன்னலோரம் நாத்தனார் தலையைத் தூக்கவேயில்லை.

என்ன இருந்தாலும் அந்த ஆள் மூன்றாவது நடையில் கொண்டுவந்த எண்ணெய் எண்ணெய்தான். அண்ணி வீம்பு பார்க்கிறவள் இல்லை. மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடிக்குப் பஸ் ஏறினாள். பாப்பாவிடம் சந்தைக்குப் போவதாகச் சொன்னாள்.

கொட்டகை வாசலில் ஒரு லாரி நின்றது. பாதி ஏற்றியாகிவிட்டது. மிளகு மூட்டைகள், அரவை மிஷின், கட்டில், ஒரு மரப்பெட்டி. லாரிக்காரர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எப்போது முடியும் என்ற முகத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கால் வைத்ததும் அண்ணிக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அடுக்குத் தும்மல். காற்றெல்லாம் நொறுக்கிய மிளகின் தூள்.

"அக்கா! மழையில எதுக்கு வந்தீங்க? உள்ள வாங்க. தும்முங்க, தும்முங்க. இங்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் செய்வாங்க. நாங்க அத வணக்கம்னு எடுத்துக்கறது." மிளகுக்காரர் ஒரு மூட்டையைத் தட்டி உட்காரச் சொன்னார். பனியனும் மடித்துக்கட்டிய வேட்டியுமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

நடுக் கொட்டகையில் ஆளுயர எவர்சில்வர் பாத்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கீழே கொதிகலன். அதிலிருந்து ஆவி ஏறி, நொறுக்கிய மிளகுக்குள் புகுந்து, மேலே வளைந்த குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, மறுமுனையில் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குடுவையில் விழுந்தது. அடியில் தண்ணீர், அதன்மேல் விரல் கனத்துக்குத் தெளிந்த எண்ணெய். அங்கே குனிந்ததும் அண்ணிக்குத் தும்மல் நின்றுவிட்டது. காரம் பாத்திரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. வந்தது வேறு ஒரு வாசம். புதிதாகச் சீவிய மரமும், எங்கோ நறுக்கிய எலுமிச்சையும், மழைக்கு முன் வீசுகிற காற்றும் சேர்ந்தாற்போல. பழைய ரோஜாவின் முதுகில் தட்டிய கை இதுதான்.

"காலி பண்றீங்களா?"

"ஆமாக்கா. மலைமேல தோட்டக்காரங்க ரொம்ப நாளாக் கூப்டுக்கிட்டே இருக்காங்க. மிளகு அங்க, நான் இங்க. அங்கேயே போயி வடிச்சா சௌகரியம். இதான் கடைசி ஈடு. இது எறங்கினதும் பாத்திரத்தையும் ஏத்திட வேண்டியதுதான்."

"ரொம்ப நாளாக் கூப்பிட்டா, முன்னாடியே போயிருக்கலாமே?"

அவர் வால்வைத் திருகுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "போயிருக்கலாம்தான்."

அண்ணி தொண்டையைச் செருமினாள். "நான் ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லணும். மொதல்ல நீங்க கொண்டாறது சரியில்லன்னு பாப்பா திருப்பிவிடுவா. அப்புறம் அதே நீங்க கொண்டாறது பிரமாதமா இருக்கும். நடுவுல என்ன பக்குவம் பண்ணுவீங்க? அதச் சொன்னீங்கன்னா அந்த டவுன் எண்ணெய்லயும் அதப் பண்ணிக்குவோம்."

மிளகுக்காரர் அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். லாரிக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூலையிலிருந்த ஒரு அலுமினியக் கேனைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு பக்குவமும் இல்லக்கா. அவங்க திருப்பிக் குடுத்தத இதுல ஊத்துவேன். அடுத்த வாரம் இதுலேருந்தே எடுத்தாருவேன். எல்லாம் ஒரே எண்ணெய்தான்."

"ஒரே எண்ணெயா! பாப்பாவ ஏமாத்துனீங்களா? அது எப்படி அவளுக்குத் தெரியாம..."

"அவங்களுக்குத் தெரியாம இருக்குமாக்கா? அந்த மூக்குக்கு?"

அண்ணி எழுந்த வேகத்தில் மறுபடி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். தகரக் கூரைமேல் மழை தாளம் போட்டது. பூட்டிய பெட்டிக்குள் இருந்த சோப்பு பிரித்ததா பிரிக்காததா என்று சொன்ன மூக்கு. அந்த மூக்கா வாராவாரம் ஒரே எண்ணெயை மோந்து, ஈரவாசம், மரவாசம் என்று வாய்கூசாமல் பொய் சொன்னது? எதற்கு? அந்த 'எதற்கு'க்குப் பதில் வந்தபோது அண்ணிக்குக் காது சூடாகிவிட்டது.

"நீங்களாவது வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே?"

"மொத தடவ நெசமாவே சரியில்லயோன்னுதான் நெனச்சேன். சோதிச்சுப் பாக்கலாம்னு அதையே திரும்பக் கொண்டாந்தேன். மோந்து பாத்தாங்க. என்ன ஒரு பார்வ பாத்தாங்க. 'இன்னும் சரியாகல, அடுத்த வாரம் கொண்டாங்க'ன்னாங்க. நானும் ஒண்ணும் கேக்கல. அப்படியே பழகிப்போச்சு." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கேட்டுடலாம்னுதான் அன்னிக்கு வந்தேன். இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு. நீங்கதான் கேட்லயே..."

"ஐயோ, போதும்" என்று அண்ணி கையைத் தூக்கினாள். அந்தக் கேட்டை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, நான் மிளகுக்காரர் கொட்டகையில இருக்கேன். ஒரு விஷயம் தெரியுமா? நம்ம பாப்பா..."

"அப்பாடா" என்றார் அவர். "ஒருவழியா உனக்கும் தெரிஞ்சுதா?"

"உங்களுக்குத் தெரியுமா!"

"தெருவுக்கே தெரியும்மா."

"எதிர்வீட்டு வாத்தியாருக்கு?"

"அவருதான் எனக்கே சொன்னாரு."

"அப்ப ஏங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ எங்க என்னப் பேச விட்ட?"

"சரி சரி, பாப்பாவ வேன்ல போட்டு உடனே கூட்டிட்டு வாங்க. இங்க லாரி நிக்குது" என்று சொல்லிப் போனை வைத்தாள் அண்ணி.

லாரிக்காரர் உள்ளே தலையை நீட்டி, "என்னண்ணே, கெளம்பலாமா? மழை வலுத்தா மலைப்பாதைல ஏத்தறது கஷ்டம்" என்றார்.

"அவரு இப்ப வரமாட்டாரு. நீங்க இன்னொரு டீ குடிங்க" என்றாள் அண்ணி.

மஞ்சள் வேன் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு வந்து நின்றது. கதவு முழுதாகத் திறப்பதற்குள் நாத்தனார் குதித்து இறங்கி, செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். தலையெல்லாம் மழை.

"அண்ணி, அவர ஒண்ணும் சொல்லாதீங்க! தப்பு அவர் மேல இல்ல, நான்தான்..."

அங்கே சண்டை ஒன்றும் இல்லை என்று பார்த்ததும் அப்படியே நின்றாள். பின்னால் வந்த அண்ணன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "உங்க அண்ணி அவர்கிட்ட சண்டை போடறாளாம்னு சொன்னேன். அப்படிச் சொல்லலன்னா கெளம்ப மாட்டா" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒரே தந்திரம் அது.

நாத்தனார் லாரியைப் பார்த்தாள், ஏற்றியிருந்த கட்டிலைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"போறீங்களா?"

"போலாம்னு..." என்றார் மிளகுக்காரர்.

அண்ணி குறுக்கே வந்தாள். "எல்லாம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு பாப்பா. என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"நாப்பது வயசுக்கு மேல வந்து, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்குன்னு எப்படி அண்ணி சொல்றது? சரி, சொல்லிடலாம்னு தைரியம் வந்தப்ப நீங்க அவர வரவேணாம்னு அனுப்பிட்டீங்க. நீங்க இத்தன வருஷமா எனக்குச் செஞ்சதுக்கு, உங்க பேச்ச மீறி நான் எப்படி..."

"போடி பைத்தியக்காரி" என்று அண்ணி அவளை இழுத்து, முந்தானையால் தலையைத் துவட்டினாள். துவட்டுகிற சாக்கில் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு குடுவைக்குப் பக்கத்தில் கிடந்த காகிதத்தைக் கிழித்து, நுனியை எண்ணெயில் நனைத்து நாத்தனாரின் கையில் கொடுத்தாள்.

"இந்தா. இப்ப வடிச்சது. மோந்து பாத்துச் சொல்லு, சரியா இருக்கா, இல்லையா?"

கொதிகலன் உறுமியது. லாரிக்காரர் வாசலில் நின்றபடியே டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நாத்தனார் கண்ணை மூடி ஒரு முறை மோந்தாள். சற்று நேரம் விட்டு இன்னொரு முறை. கண்ணைத் திறந்தபோது அண்ணியைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை.

"நல்லாருக்கு" என்றாள் அவரிடம். "எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

மிளகுக்காரரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் பாதி வாடியது. "அப்ப... இனிமே திருப்பி அனுப்ப மாட்டீங்களா? நான் வாராவாரம் வரவேணாமா?"

"வேணாம்" என்றாள் அவள். "இனிமே நானே இங்க வந்து எடுத்துக்கறேன். தெனமும்."

லாரிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, எனக்கு ஒரு முடிவச் சொல்லுங்க. கயித்தக் கட்டவா, அவுக்கவா?"

பதில் சொல்ல அண்ணி வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அவுத்துடுங்கண்ணே" என்றாள் நாத்தனார்.

எல்லாருமாகச் சேர்ந்து மழையில் இறக்கினார்கள். கட்டில், மரப்பெட்டி, அரவை மிஷின். லாரிக்காரரும் முகம் கோணாமல் ஒரு பக்கம் பிடித்தார். "தோட்டக்காரங்க மூட்டைய இங்கயே ஏத்தி அனுப்பட்டும், நான் போய்ச் சொல்லிக்கறேன்" என்று அவரே ஒரு வழியும் சொன்னார். ஒரு மூட்டை வாய் பிரிந்து வேன் படியில் மிளகு சிதறியது. அண்ணி தும்மினாள், கணவர் தும்மினார், மிளகுக்காரரும் நாத்தனாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டே தும்மினார்கள்.

ஈடு இறங்கும்வரை பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாத்தனார் கொட்டகையிலேயே இருந்துகொண்டாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிவிட்டதால், வீட்டில் இறக்கிவிட நேரமில்லாமல் அண்ணியும் வேனிலேயே போனாள். பிள்ளைகள் ஈரப் பையோடு அடித்துப் பிடித்து ஏறினார்கள். அண்ணிக்குப் பக்கத்தில் இடம் பிடித்த ஒரு சின்னப் பெண் மூக்கைச் சுளித்து, இப்படியும் அப்படியும் திரும்பி மோந்து பார்த்தாள்.

"அங்கிள், இன்னிக்கு வேன்ல என்ன வாசம்?"

அண்ணி பதில் சொல்லத் திரும்பினாள். அதற்குள் அவள் கணவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்.

"கல்யாண வாசம்மா."